ரோட்டில் காயவைத்த உளுந்து

தம்பி,

நலமா என்று கேட்டு நேரத்தை வீணாக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தாய், இரண்டு தரம் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாய். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல்தான் கொடுத்து அனுப்புகிறேன். கொண்டுவருகிறவள் நம் செல்வி. உளுந்தூர்பேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாள், அப்படியே உன் மாட்டாஸ்பத்திரிக்கு வந்து உன் கையில் கொடுப்பாள். வழியில் அவள் படித்தாலும் படிக்கட்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தாலும் பார்க்கட்டும். நீயும் படித்துவிட்டுப் பெட்டிக்கடியில் ஒளித்து வைக்க வேண்டியதில்லை, யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. ஒன்பது வருடம் மூடி வைத்ததற்கு இனி ஒரு உறை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து உட்கார்ந்ததும், பதவி உயர்வு வந்திருக்கிறது, ஆனால் வெள்ளிமலையில் போட்டிருக்கிறார்கள், வேண்டாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாய். எனக்கு முதலில் புரியவில்லை. மாடு ஆடு என்றால் சோறு தண்ணீர் மறக்கிறவன் நீ. கால்நடை ஆய்வாளர் வேலை கிடைக்க வேண்டும் என்று எத்தனை வருடம் பரீட்சை எழுதினாய் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டேன். "மலையில ஊருக்கு ஊரு வண்டியிலதாம்மா போவணும். ஊசி மருந்துப் பொட்டிய தூக்கிக்கினு நடந்தா போவ முடியும்?" என்றாய். "நீதான் வண்டி ஓட்டுவியே" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஓட்டி இன்னா ஆச்சின்னு உனக்குத் தெரியாதா?" என்றாய். எனக்குத் தெரியும். உன்னைவிட ஜாஸ்தியாகவே தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், சாப்பிடுகிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு மோர் எடுத்துவரப் போனேன். சாக்கு தேடுவதில் உன் அம்மா கெட்டிக்காரி. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பார்க்கப் போகிறாய்.

ஒன்பது வருடமாக நீ ஹேண்டில்பாரைத் தொடவில்லை. ஊரில் இதைப் பற்றிச் சிரித்துக்கொள்கிறார்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கன்று போட முடியாமல் தவிக்கிற மாட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போய் இறங்குகிற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நீதான். மழைத் தூறல் விழுந்தால் பஸ்ஸில்கூட ஜன்னலோரம் உட்கார மாட்டாய், கண்ணை மூடிக்கொள்வாய். உன் மாமன் மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் வண்டியில் போக, நீ மட்டும் இரண்டு மைல் நடந்து வந்து பந்தி முடிந்த பிறகு சேர்ந்தாய். அப்பாவின் பைக் மாட்டுக்கொட்டகை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது, அதன் சீட்டில் கோழி முட்டை இடுகிறது. விற்றுவிடு என்று நீ சொல்லும்போதெல்லாம் பார்க்கலாம் என்பேன். உனக்கு அந்த வண்டி என்னவாகத் தெரிகிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் காலை உடைத்தது நீதான் என்று நம்புகிறாய். அந்த நம்பிக்கையோடு பத்தொன்பது வயதிலிருந்து இருபத்தெட்டு வயது வரை வந்துவிட்டாய், இப்போது வேலையையும் அதற்காக விடப் பார்க்கிறாய். அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

நீ அறிந்த கதை இவ்வளவுதான். ஆனி மாதம், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாய். நீயும் அப்பாவும் மாட்டுத் தீவனம் வாங்கக் கச்சிராயபாளையம் போனீர்கள். திரும்பும்போது நீ ஓட்டினாய், மூட்டை பெட்ரோல் டேங்கின்மேல், அப்பா பின்னால். மலைப்பக்கமிருந்து திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நம் கொல்லை நிலத்தை ஒட்டிய வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் வண்டி வழுக்கியது. உனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அப்பாவுக்கு இடது தொடை எலும்பு முறிவு. மூன்று மாதம் படுக்கை, உள்ளே தகடு, பிறகு ஒரு அங்குலம் குட்டையான கால், கைத்தடி. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "வயசுப் பையன், வேகமா வந்திருப்பான்" என்றார்கள். நீயும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு கேட்டவர்களுக்கெல்லாம், "ஆமாங்க, நாந்தான் வேகமா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உனக்கு அப்படித் தோன்றியிருந்தது. விழுந்தவனுக்கு விழுவதற்கு முந்திய நொடி சரியாக ஞாபகம் இருக்காது. மற்றவர்கள் சொல்வதை வைத்து அதை நிரப்பிக்கொள்வான்.

நீ அறியாத கதைக்கு ஒரு வருடம் பின்னால் போக வேண்டும். நான் வார்டு மெம்பராக இருந்த காலம் அது. நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான்: கம்போ கேழ்வரகோ எள்ளோ உளுந்தோ, அறுத்த கதிரையும் பிடுங்கிய செடியையும் தார் ரோட்டில் பரப்பிவிடுவது. மேலே பஸ்ஸும் லாரியும் கரும்பு டிராக்டரும் ஏறி இறங்கி அடித்துக் கொடுத்துவிடும். கூலி கேட்காத ஆள். அந்த வருடம் பக்கத்து ஊரில் ஒரு வாத்தியார் எள்ளுச் செடியில் சறுக்கி விழுந்து பல் போயிற்று. கிராம சபையில் பேச்சு வந்தது. இனி யாரும் ரோட்டில் காயப் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள், அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். போட்டதோடு நிற்கவில்லை. மறுவாரம் செல்வி பங்குக்குப் பயிர் செய்த கொஞ்சம் கம்பை நம் பாலத்துக்குப் பக்கத்தில் பரப்பியிருந்தாள். நான் போய் நின்று, உடனே வாரச் சொன்னேன். "பஸ்ஸு வர்ற வரைக்கும் உடுங்க மெம்பரம்மா, எங்களுக்குன்னு களமா கீது?" என்று கெஞ்சினாள். விடவில்லை. பாதி மண்ணோடு வாரிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் அதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அவளுக்குக் களம் இல்லதான?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த ஆனியில் நமக்குச் சித்திரைப் பட்டத்து உளுந்து, கால் காணிதான், பிடுங்கிக் குவித்திருந்தது. ஊர்க் களத்தில் வேறொருவருடைய எள்ளு கிடந்தது, இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மலைமேல் மேகம் கட்டிக்கொண்டே இருந்தது. நனைந்தால் உளுந்து முளைத்துவிடும். நீங்கள் கிளம்பும்போது அப்பா கேட்டார், "உளுந்தக் களத்துக்குத்தானே கொண்டு போவ?" என்று. "ஆமா, களத்துக்குத்தான்" என்றேன். வண்டி மறைந்ததும் கட்டுக் கட்டாகத் தூக்கிவந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டில் பரப்பினேன். செல்வி பரப்பிய அதே இடம்தான், வீட்டுக்குப் பக்கம், வெயில் நன்றாக விழும். ஊரைத் தாண்டித் தனியாகக் கொல்லையில் இருக்கிற வீடு, பார்க்கிறவர்கள் கம்மி. கடந்து போன ஒன்றிரண்டு பேர் பார்த்திருப்பார்கள். மெம்பர் வீட்டு உளுந்து என்று பேசாமல் போயிருப்பார்கள். இரண்டு பஸ்ஸும் நாலைந்து டிராக்டரும் ஏறி இறங்கின. காய் நன்றாக உடைந்தது. நான் ஒரு கழியால் புரட்டிவிட்டுக்கொண்டே, இந்தத் தீர்மானத்தை எல்லாம் யோசித்துப் போட்டோமா என்றுகூட நினைத்தேன்.

ஐந்து மணிக்குக் காற்று மாறியது. செடியை உதறி ஓரத்தில் தள்ளினேன், மணியைக் கூட்டி மூன்று சாக்கில் அள்ளினேன். அதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. ரோட்டில் மிச்சம் இருந்தது காய் உடைந்த தோலும் தூசியுமான பொட்டு, சக்கரத்தில் நசுங்கி மாவாகிப்போன உளுந்து, சிதறிக் கிடந்த முழு மணிகள். அந்தப் பொட்டும் மாவும் தார் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது, வண்டியில் வருகிறவன் கண்ணுக்குத் தெரியாது. உளுந்து மாவில் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடைக்கு அரைத்த கிரைண்டர் கல்லைக் கழுவத் தூக்கி, கை வழுக்கி ஒருமுறை உன் கால்மேல் போட்டவள் நான். தூறல் மழையானது. நான் சாக்குகளை மாட்டுக்கொட்டகையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தடாலென்று சத்தம் கேட்டது, ஓடிவந்தேன். நீ எழுந்து நின்றுகொண்டிருந்தாய், அப்பா வண்டிக்கடியில் கிடந்தார். டிராக்டர்காரர் ஒருவர் நிறுத்தி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

ஆம்புலன்ஸில் நீ ஏறினாய். "ஏறும்மா" என்று என்னையும் கூப்பிட்டாய். "நீ போ, நான் வூட்டப் பூட்டிக்கினு பின்னாலயே வரேன்" என்றேன். ஞாபகம் இருக்கிறதா? வண்டி திரும்பி மறைந்ததும் நான் வீட்டுக்குள் போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். கால் உடைந்த புருஷன் கள்ளக்குறிச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறார், நான் மழையில் ரோட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பாலத்திலிருந்து நம் வரப்பு வரைக்கும் பெருக்கினேன். குடம் குடமாக வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். ஓரத்தில் கிடந்த செடிகளை வாரிப் பக்கத்துக் கரும்புக் கொல்லைக்குள் எறிந்தேன். நாளைக்கு யாராவது வந்து பார்த்து, தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட கையே இது என்று சொல்லிவிடக் கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது. ஏழு மணிக்குமேல் பஸ் பிடித்து வந்தேன். வராந்தாவில் நின்ற நீ என்னைப் பார்த்ததும், "ஏம்மா இவ்ளோ லேட்டு? அப்பா உன்னத்தான் கேட்டுக்கினு இருந்தாரு" என்றாய். பஸ் இல்லை என்றேன். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது. கூசட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவிடம் போனேன். நீ மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாய். அவர் வேட்டியை நர்ஸ் கத்தரித்து எடுத்துக் கட்டிலுக்கடியில் சுருட்டிப் போட்டிருந்தார். அப்பா மூடியிருந்த கையைப் பிரித்து என் உள்ளங்கையில் எதையோ வைத்தார். நாலைந்து உளுந்து மணி, ஊறி உப்பியிருந்தது. வேட்டி மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். "இத்த எடுத்துக்கினு போய்க் கொட்டு. பையன் வந்துடப் போறான்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, கேட்கவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், சண்டை வந்திருக்கும், உன் காதில் விழுந்திருக்கும், எல்லாம் அன்றே முடிந்திருக்கும். அவர் என்னைக் காப்பாற்றினார். என்னைக் காப்பாற்றுவதற்கு உன்னைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது அன்று எங்கள் இரண்டு பேருக்குமே புரியவில்லை. பையன்தானே, நாலு நாளில் மறந்துவிடுவான், ஊரும் வேறு பேச்சுக்குப் போய்விடும் என்று நினைத்தோம். ஊர் போய்விட்டது. நீதான் அங்கேயே நின்றுவிட்டாய்.

அப்பா உன்னை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை, உனக்கே தெரியும். ஆனால் யாராவது "பையன் வேகமா வந்தானாமே" என்றால் மறுக்கவும் மாட்டார். மழையில வழுக்கிடுச்சி என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். நீ அதைப் பெருந்தன்மை என்று நினைத்தாய், அதனால் இன்னும் குறுகிப்போனாய். ஒருநாள், அவர் போவதற்கு நாலைந்து மாதம் முன்னால், நீ மழையில் நனைந்து நடந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "அவன்கிட்ட சொல்லிடு" என்றார். எதை என்று கேட்கத் தேவையில்லை. "நீங்களே சொல்லுங்களேன்" என்றேன். "நான் சொன்னா உன்னக் காட்டிக் குடுத்த மாதிரி ஆவும். நீயே சொன்னாதான் சரி" என்றார். சரி என்றேன். அறுவடை முடியட்டும் என்றேன், பொங்கல் போகட்டும் என்றேன். அதற்குள் அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது. காலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். நீ அன்று கொள்ளி வைத்துவிட்டு வந்து அவருடைய கைத்தடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமும் நான் தள்ளிப் போட்டதுதான், அதற்குக் காரணம் என்று எதையும் எழுதப் போவதில்லை.

இந்தத் திங்கட்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். நீ போக மாட்டேன் என்கிற ரோடு எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். பாதி மலையில் மழை. வளைவுகளில் அவர் வண்டியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி திருப்பினார். ஈரத்தில் வண்டி ஏன் சறுக்குகிறது என்று கேட்டேன். கிழவி நேரம் போகாமல் கேட்கிறாள் என்று நினைத்திருப்பார், ஆனாலும் சொன்னார். "டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல தண்ணி பூந்துக்கினா பிடிப்பு போயிடும்மா. வண்டி மெதக்கும். ஸ்டியரிங் கையில லேசாயிடும், அதுலயே தெரிஞ்சிடும். அப்ப பிரேக்க அழுத்தினா தொலைஞ்சோம். ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு, நேரா பிடிச்சிகினு சும்மா இருக்கணும். அந்த சும்மா இருக்கறதுதான் கஷ்டம்." நாலு நாள் விடாமல் பெய்த ரோட்டைப் பற்றிப் பயமே இல்லையாம், கழுவிவிட்ட மாதிரி இருக்குமாம். ரொம்ப நாள் காய்ந்து கிடந்து முதல் அரை மணி நேரம் விழுகிற தூறல்தான் ஆபத்தாம், எண்ணெயும் தூசியும் சேர்ந்து கொழகொழவென்று ஆகிவிடுமாம். மேலேறுகிற ஜீப்புகள் வளைவில்தான் எண்ணெய் சிந்தும், அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய் பிரேக் பிடிக்கக் கூடாது என்றார். வெள்ளைக் கோட்டின்மேல் சக்கரம் ஏறக் கூடாது, முன்னால் போன பஸ்ஸின் டயர் தண்ணீரை ஒதுக்கிய தடத்திலேயே போக வேண்டும், டயரில் கோடு தேய்ந்துவிட்டால் கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறாள் என்று சிரிக்காதே. மறந்துவிடாமல் இருக்க டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டு வந்தேன்.

இறங்குவதற்கு முன்னால் கடைசியாக ஒன்று கேட்டேன். "ரோட்டுல உளுந்து காயப் போட்டு, அது மேல மழ பேஞ்சி, அங்க வண்டி வந்தா?" அவர் சிரித்துவிட்டார். "அதுக்கு ஓட்றவன் இன்னாம்மா பண்ணுவான்? அஞ்சு கிலோமீட்டர் ஸ்பீடுல வந்தாலும் கீழதான். காயப் போட்டவனத்தான் புடிச்சிக் கேக்கணும்" என்றார். காயப் போட்டவள் வெள்ளிமலையில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். மலைமேல் நல்ல காற்று. சாமை விதைத்திருந்த மேட்டில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, ஒன்று பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. நீ இருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியிருப்பாய் என்று நினைத்தேன். அந்த ஊருக்கு உன்னை மாதிரி ஒரு ஆள் வேண்டும். இதைப் பெற்றவளாகச் சொல்லவில்லை.

நேற்று செல்வியைக் கூப்பிட்டனுப்பினேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாசலில் நின்றாள், உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். தயங்கித் தயங்கி நுனியில் உட்கார்ந்தாள். அந்த வருடம் அவளுடைய கம்பை நான் வாரச் சொன்னதையும், அடுத்த வருடம் நான் செய்ததையும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க மெம்பரம்மா" என்றாள். "புல்லுக்கட்டத் தூக்கிக்கினு அந்தாண்ட வந்தேன். நீங்க பெருக்கிக்கினு இருந்தீங்க. திரும்பி வேற வழியா பூட்டேன்." ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். பிறகு எழுந்து, "தம்பி நல்ல புள்ளங்க. அது தலைய குனிஞ்சிகினு நடக்கறப்பல்லாம் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்" என்றாள். நான் அவளிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேன். அதற்கு அவள், கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தால், ஓரிடத்தில் பொய் எழுதியிருக்கிறேன். மாட்டுக்கொட்டகையில் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு ஓடிவந்தேன் என்று இருக்கிறது பார். ஒன்பது வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனது, கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டு மாற்றி எழுதலாம். அடிக்காமலே விடுகிறேன். என் பொய் எவ்வளவு ஒழுங்காக வருகிறது என்று நீயும் பார்த்துக்கொள்.

நான் கொட்டகையில் இல்லை. மூன்று சாக்கைத்தான் கொண்டுபோய் வைத்திருந்தேன். ஒரு முறம் உளுந்து மிச்சம் இருந்தது, அதை அள்ள ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தேன், மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு. நீ பாலத்துக்கு அந்தப் பக்கம் வரும்போதே பார்த்துவிட்டேன். விளக்கு போட்டிருந்தாய். மூட்டை சரிந்துவிடாமல் அப்பா ஒரு கையை நீட்டி உன்னையும் மூட்டையையும் சேர்த்துப் பிடித்திருந்தார். ரோட்டில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். கையைத் தூக்கி, "நில்லுடா" என்று ஒரு சத்தம் போட நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. தூக்கினால் நீ நிறுத்துவாய், அப்பா இறங்குவார், முறத்தைப் பார்ப்பார், "களத்துக்குன்னு சொன்னியே" என்பார், உன் முன்னால் சொல்வார். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்தேன். முறத்தோடு கரும்புக்குள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன், நீங்கள் கடந்து போன பிறகு வெளியே வரலாம் என்று. இது அப்பாவுக்குத் தெரியாது. செல்விக்கும் தெரியாது, வழியில் படித்தால் தெரிந்துகொள்வாள்.

நீ என்னை என்ன நினைத்தாலும் சரி, அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை என்ன எழுதிக் கொடுப்பதென்பதும் உன் இஷ்டம். எழுதுமுன் ஒன்று மட்டும் தெரிந்துகொள். நீ வேகமாக வந்தாய் என்று ஊர் சொன்னது, நீயும் சொன்னாய். அங்கே இருந்து பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பார்த்தது நான் ஒருத்திதான். நீ மெதுவாகத்தான் வந்தாய்.

அம்மா